ப இல்லாத ஒரு நாள்

வளர்ந்துவிட்ட என் பிள்ளைக்கு,

நீ மகனா மகளா, உன் பெயர் என்ன, எந்த ஊரில் என்ன வேலையில் இருக்கிறாய், எதுவும் எனக்குத் தெரியாது. நீ இன்னும் பிறக்கவே இல்லை. உன் அம்மாவாகிய எனக்கு இப்போது பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் வீட்டு முன்னறையில், கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, அப்பாவின் செல்போன் டார்ச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். யாராவது பார்த்துவிட்டால், பெற்றவர் வளர்ந்த பிள்ளைக்கு எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதச் சொல்லிப் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அதற்காகத்தான் உன் பெயரில் ஆரம்பித்தேன். ஆனால் "கண்ணு" என்று உன்னை ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அதன் பிறகு, வேறு யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்லலாம் என்று தோன்றிவிட்டது. பெற்றவர்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள். என்னிடம் அப்படிச் சொல்லும் அளவுக்குப் புத்தி இல்லை. நான் செய்த ஒரு காரியம்தான் இருக்கிறது. அந்தக் காரியத்தால், விடிந்தால் என் அம்மா இரண்டு கன்னத்திலும் கம்பி குத்தி வாயைப் பூட்டிக்கொள்ளப் போகிறாள்.

உன் அப்புச்சியின், அதாவது என் அப்பாவின், பெயர் பொன்னன். என் அம்மா அந்தப் பெயரைச் சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டவரின் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்பார்கள். இப்போது நிறையப் பேர் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். என்னோடு படிக்கும் வனிதாவின் அம்மா, சாமைக் காட்டின் இந்தக் கரையில் நின்றுகொண்டு "முருகேசு" என்று அந்தக் கரைக்குக் கேட்கும்படி கூப்பிடுவாள். என் அம்மா விடவில்லை. பெயர் மட்டுமல்ல, அந்தச் சத்தம் வருகிற எதையும் சொல்ல மாட்டாள். பொன்னி அரிசி அவளுக்குக் கடை அரிசி. பொன்னாங்கண்ணி, ஓடையோரக் கீரை. என்னைக்கூட அவள் பொண்ணு என்று சொன்னதில்லை. சத்தம் கிட்டத்தில் வருகிறதாம். புள்ள என்பாள், சாமி என்பாள். ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் அவள் பேசாமல் என் பக்கம் திரும்புவாள், நான் சொல்வேன். பேச வந்த நாளிலிருந்து அதுதான் என் வேலை. அம்மாவால் சொல்ல முடியாத அந்த ஒரு சொல்லுக்கு நான்தான் வாய்.

இனி விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தமிழ் டீச்சர் மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குவார்ட்டர்ஸில் தங்கியிருப்பவர். பெயர் ஜெசிந்தா. பாடம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் ஏதாவது விளையாட்டு வைப்பார். ஒருநாள், ப என்ற எழுத்தும் அதன் வரிசையில் எதுவும் வராமல் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள் என்றார். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், கண்ணு. பள்ளி இல்லை, படிப்பு இல்லை, பஸ் இல்லை, பலா இல்லை, பசி இல்லை. அப்பாவே இல்லை. வகுப்பில் பாதிப் பேர் மூன்றாம் வரியில் பேனாவை வைத்துவிட்டார்கள். நானும் வனிதாவும் மட்டும் பக்கத்தை முடித்தோம். இரண்டும் நன்றாக இருக்கிறது, யார் முதல் என்று சொல்ல முடியவில்லை என்றார் டீச்சர். அப்படியானால் ஒரு நாள் முழுக்கப் பேசிப் பார்க்கட்டும் என்று பின்பெஞ்சிலிருந்து யாரோ சொல்ல, அதுவே முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை காலை வெளிச்சம் வந்ததிலிருந்து இருட்டும்வரை ப வரும் எதையும் பேசக் கூடாது, எழுதியும் காட்டக் கூடாது. அவள் வாயை நான் கவனிக்க வேண்டும், என் வாயை அவள்.

எனக்குப் பயிற்சி கொடுத்தது யார் தெரியுமா? என் அம்மாதான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு சத்தத்தைத் தாண்டிப் போவது எப்படி என்பது அவளுக்கு நடப்பதுபோல. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து குச்சிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்பேன், அவள் வழி சொல்வாள். பசிக்கிறது என்பதற்கு வயிறு காயுது என்று சொல்லிக் கொடுத்தாள். பால் என்றால் வெள்ளை. அப்பா என்பதை விட்டு அய்யன். போயிட்டு வாரேன் என்பதற்கு வெறும் வாரேன் போதும், அதைத்தானே எல்லோரும் சொல்கிறார்கள் என்றாள். பலாவுக்கு நான் முழித்தபோது "முள்ளுத்தோலுக்காரின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு. அவளுடைய வழக்கத்தை நான் பழைய பஞ்சாங்கம் என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அந்த நான்கைந்து நாளும் அவள் எனக்கு டீச்சரைவிடப் பெரிய ஆளாக இருந்தாள்.

அந்த வியாழக்கிழமைதான் சாதிச் சான்றிதழ் முகாம் வந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் எனக்கு மேற்படிப்புக்கு வழியில்லை. பெற்றவர்களோடு போகிற பிள்ளைகளுக்குப் பள்ளியில் விடுமுறை கொடுத்தார்கள். நானும் அம்மாவும் போனோம். வனிதா தன் அப்பாவோடு வந்தாள். பஸ்ஸில் ஏறிய இடம் என்று எங்கள் ஊர்ப் பெயரைக்கூட நான் சொல்ல முடியாது, அதிலேயே ப இருக்கிறது. அம்மாதான் டிக்கெட் கேட்டாள். வனிதா இருக்கையின் மேலே கன்னத்தை வைத்துக்கொண்டு வழி முழுக்க என் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். முகாமில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சேலத்துப் பக்கத்து ஆள் போலிருந்தது. நல்லவர்தான். எத்தனாவது படிக்கிறாய் என்று என்னைக் கேட்டார். பத்து என்று சொல்ல முடியாது, ஒன்பதுக்கு அடுத்தது என்றும் சொல்ல முடியாது. "எட்டும் ரெண்டும் சார்" என்றேன். கணக்கு டீச்சர் மகளா என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். வனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை.

அவர் அம்மாவைப் பார்த்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

நான் சொல்லவில்லை. விண்ணப்பத் தாளில் எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். அவர் தலையசைத்தார். "தாள்ல இருக்கிறது தெரியுதும்மா. போன தடவை கார்டுல ஒண்ணு, தாள்ல ஒண்ணுன்னு மாறிப்போயி சான்றிதழ் திரும்பி வந்துச்சு. அதான் எல்லாரையும் வாயால சொல்லச் சொல்றேன். நீ சொல்லு, இல்லன்னா அம்மா சொல்லட்டும்" என்றார். அம்மா என் முழங்கையைத் தொட்டாள். "சொல்லு சாமி" என்று மெதுவாகச் சொன்னாள். நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, குரல் கட்டிவிட்டதுபோல ஒரு பாவனை செய்தேன். வரிசை எங்களுக்குப் பின்னால் வெளிவாசல்வரை நின்றிருந்தது. அதில் யாரோ ஒருவர், "புருசன் பேர ஊட்லயே வெச்சிட்டு வந்திருச்சாட்ட இருக்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேசைக்காரர், யோசித்துவிட்டு வாருங்கள், அடுத்த ஆள் வரட்டும் என்று தாளைத் தள்ளி வைத்தார். அப்போது அம்மா முந்தானையை வாய்வரை இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி, அதைச் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார். அம்மா சுவரை விட்டுத் திரும்பி, அவரைப் பார்த்து, "பொன்னனுங்க" என்றாள். என் பதினைந்து வயதில் அந்தச் சொல்லை அவள் குரலில் நான் கேட்டதே இல்லை. அவள் குரல் மாதிரியே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். தொண்டைக்கு மிளகு கஷாயம் போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னாள். போட்டும் கொடுத்தாள். நான் குடித்தேன். வனிதா அன்று சாயங்காலம் "ஐயோ, பல்லி" என்று கத்தித் தோற்றுப்போனாள். மறுநாள் வகுப்பில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் ஜெயித்ததை வீட்டில் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மிளகு பறிக்கப் போனார். உனக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ, சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுக்களை மட்டும் படிபோல விட்டு வெட்டி, அதை மரத்தில் சாய்த்துக் கட்டி ஏறுவார்கள். பனி இறங்கியிருந்தது. மூங்கிலின் அடி வழுக்கியது. அப்பா விழுந்து தொடை எலும்பு உடைந்து, கீழ்நாட்டு ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து, பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுபடி மரம் ஏறுவது கஷ்டம் என்றார்கள். அவர் விழுந்த அன்று அங்கே காட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என் வாயி. இந்த வாயிதான்." மற்றவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் அப்பாவின் செருப்பைத் தேடுவதுபோலச் செடிகளுக்குள் குனிந்துகொண்டேன்.

அப்பா வீடு வந்த மறுநாள் அம்மா கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் வாய்ப்பூட்டுப் போட்டுக்கொள்வாளாம். கன்னத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுக்கிற கம்பி. அது போடும்வரை ஒன்பது நாள் பேசாமல் இருக்க வேண்டும், ஒருவேளைச் சாப்பாடு. ஒரு சொல் பேசினாலும் விரதம் போய்விடும், பூட்டுப் போட மாட்டார்கள். அதிலிருந்து அப்பா படுத்திருக்கும் உள்ளறைக்கு அவள் போகவில்லை. சமைத்து வைப்பாள், நான் எடுத்துக்கொண்டு போய் ஊட்டுவேன். அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டால், அடுப்படியில் அவள் கை அப்படியே நின்றுவிடும். ஒன்பது நாளும் இந்த வீட்டில் நான் மட்டும்தான் இரண்டு பேருக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்தேன். அதில் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல்.

இன்று சாயங்காலம் கம்பி குத்துகிறவர் வந்து, விடிகாலை வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கஞ்சி ஊட்டும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முகாமில் அம்மா பெயரைச் சொன்னதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் விலக்கினார். பிறகு, "எப்படிச் சொன்னா?" என்று கேட்டார்.

முதலில் மெதுவாக, அப்புறம் சத்தமாக என்றேன்.

"சத்தமாவா?" என்றார். அவர் முகத்தில் வந்தது என்ன என்று எனக்கு எழுதத் தெரியவில்லை, கண்ணு. வெட்கம் மாதிரி இருந்தது. அப்புறம் சொன்னார், மூங்கிலுக்கு அடியில் கல் வைத்து முட்டுக் கொடுக்காமல் ஏறியது அவர்தானாம், அவசரத்தில் விட்டுவிட்டாராம். அதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று அழுதேன். "நாஞ் சொன்னா, நான் அவளுக்காகச் சொல்றன்னு நெனப்பா. நீதான் சொல்லோணும் சாமி. கம்பி குத்தறக்குள்ள சொல்லிப்போடு" என்றார்.

அது நடந்து வெகுநேரமாகிவிட்டது. நான் இன்னும் சொல்லவில்லை, உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். அடிக்கு இல்லை. அவள் இனி எந்த ஆபீஸிலும் என் பக்கம் திரும்பாமல் போய்விடுவாளோ என்று பயம். இன்னொன்றும் இருக்கிறது. மேலே எழுதும்போது அதை உன்னிடம்கூட மறைத்துவிட்டேன். வரிசையில் அந்த ஆள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதினேன் அல்லவா? நானும் சிரித்தேன். வனிதாவைப் பார்த்துச் சிரித்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து மஞ்சள் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தாள், குளித்துவிட்டுப் புறப்படுவதற்கு. நான் போனேன். இப்போது திரும்பி வந்து மிச்சத்தை எழுதுகிறேன். வெளியே இன்னும் வெளுக்கவில்லை.

அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லை. அன்று என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை, நான் சொல்லியிருக்கலாம், விளையாட்டில் தோற்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன், சிரிக்கவும் சிரித்தேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் திரும்பவில்லை. விறகை உள்ளே தள்ளினாள். வெளியே இழுத்தாள். மறுபடி தள்ளினாள். பிறகு ஒன்பது நாள் பேசாத ஒரு குரல் வந்தது, கரகரவென்று.

"எனக்குத் தெரியாதா? நாந்தானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் பேசிவிட்டாள் என்பதுதான் உறைத்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவள் நிறுத்தவில்லை.

"நீ தோத்துப்போயிருவேன்னுதான் சாமி நாஞ் சொன்னேன்."

மூன்று வாரம் அவள் எதை வாய்க்குள் வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெயரைச் சொன்னதற்காக மட்டும் அவள் பூட்டுப் போட நினைக்கவில்லை. யாருக்காகச் சொன்னாள் என்பது தவறிக்கூட வெளியே வந்துவிடக் கூடாது. வந்தால் அப்பாவின் கால் உடைந்த பழி என் தலையில் விழும்.

"ஜெயிச்சியா?" என்று கேட்டாள்.

ஜெயித்தேன் என்றேன்.

"என்ன குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல. எல்லாரும் கை தட்டுனாங்க."

அம்மா இப்போது திரும்பி என்னைப் பார்த்தாள். "நல்லாத் தட்டுனாங்களா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, கண்ணு. கேலியாகக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நன்றாகத் தட்டினார்கள் என்று சொன்னேன். சரி என்பதுபோலத் தலையசைத்தாள்.

"விரதம் போயிருச்சேம்மா" என்றேன். "போயிருச்சு" என்றாள். அப்பாவுக்கு இனி என்ன ஆகுமோ என்ற பயம் அவள் கண்ணில் இருந்தது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சள் தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து அப்பா, யாரது பேசுவது என்று கேட்டார். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். மெதுவான பேச்சு கேட்டது. அப்பா ஏதோ கேட்டார். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. நான் காதைப் பொத்திக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். அது நான் கேட்க வேண்டியது இல்லை.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ இதைப் படிக்கும்போது உன் அம்மாயி, அதாவது என் அம்மா, இருந்தால், நீ அவள் பக்கத்தில் போய் உட்கார். ஆனால் அந்த நாளைப் பற்றி அவளிடம் கேட்காதே. அவள் என்னைக் காப்பாற்றித்தான் சொல்வாள். என்னிடம் வந்து கேள். யார் இருந்தாலும், எத்தனை பேர் சிரித்தாலும், நான் சொல்கிறேன்.

உன் அம்மா